விலை கேட்க வந்தவர்

கண்ணு,

சனிக்கிழமை சாயங்காலம் நீ போன் செய்தபோது நான் சரியாகப் பேசவில்லை. அம்மாவுக்குக் கோபம் என்று நினைத்திருப்பாய். கோபமெல்லாம் இல்லை. அந்த நேரம் பார்த்து கடையில் ஒருவர் கவுண்டரைத் தட்டிக்கொண்டு நின்றார். போன மாதம் அவருடைய பழைய கம்ப்யூட்டருக்கு மெமரி கூட்டிப் போடவேண்டும் என்று வந்தவர். அவசரமில்லையென்றால் ஒரு மாதம் பொறுங்கள், இறங்கும் என்று நான்தான் அனுப்பி வைத்திருந்தேன். இறங்கவில்லை, ஏறிவிட்டது. அதுவும் கொஞ்ச நஞ்சமாக ஏறவில்லை. "நீங்க சொன்னீங்கன்னுதானுங்க பொறுத்தேன். கம்ப்யூட்டர் சாமான் வெலை ஏறுமுங்களா? இது என்னங்க அநியாயம்?" என்று அவர் ஒரு காதில் கேட்கிறார். "கல்யாணத்த ஒரு ரெண்டு வருஷம் தள்ளிப் போடலாம்மா" என்று நீ இன்னொரு காதில் சொல்கிறாய். நான் யாருக்குத்தான் பதில் சொல்வேன்?

நீ சொன்ன காரணங்கள் எல்லாம் காதில் விழத்தான் செய்தன. வேலை நிலவரம் சரியில்லை, உன் ஆபீசில் யாரை எப்போது அனுப்புவார்கள் என்று தெரியவில்லை, பெங்களூரில் வீட்டு விலை உச்சியில் நிற்கிறது, இரண்டு வருடம் போனால் எல்லாம் தெளிந்துவிடும். இதையெல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில் ஒன்று சொன்னாயே, அதுதான் என்னைப் பிடித்துக்கொண்டது. "நீங்கதானேம்மா கடைக்கு வர்ற எல்லார்கிட்டயும் சொல்வீங்க, பொறுங்க, எறங்கும்னு. அதைத்தானே நானும் சொல்றேன்." என் வாயில் வந்ததையே எடுத்து என்னிடம் நீட்டிவிட்டாய். அதற்குப் பதில் போனில் சொல்லி முடிகிற பதில் இல்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். கம்ப்யூட்டர் கடை வைத்துக்கொண்டு பேனாவில் எழுதுகிறாளே என்று சிரிக்காதே. அதில் எழுதினால் அழித்து அழித்துத் திருத்திக்கொண்டே இருப்பேன். பேனாவில் எழுதியது எழுதியதுதான்.

உன் அப்பாவுக்கும் எனக்கும் கல்யாணம் நடந்த கதை உனக்குப் பெரியப்பா சொல்லும் ஒற்றை வரியில்தான் தெரியும். "உங்கப்பன் கம்ப்யூட்டர் வாங்கப் போயி, கம்ப்யூட்டர்காரியக் கூட்டிட்டு வந்துட்டான்." எல்லோரும் சிரிப்பார்கள், நீயும் சிரிப்பாய், பேச்சு அடுத்ததற்குப் போய்விடும். நடந்ததை முழுதாக நான் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன்.

கோயம்புத்தூரில் பாலிடெக்னிக் முடித்துவிட்டு நான் குன்னூரில் இதே கடைக்கு வேலைக்கு வந்தபோது கடை ஜோசப் சாருடையது. அதுவரை டைப்ரைட்டர் விற்றுக்கொண்டிருந்தவர், காலம் மாறுகிறது என்று கம்ப்யூட்டருக்கு மாறியிருந்தார். அப்போது ஒரு கம்ப்யூட்டரின் விலை, எஸ்டேட் ஃபாக்டரியில் உன் தாத்தா வருடம் முழுக்க வாங்கிய சம்பளத்தைவிட அதிகம். கம்ப்யூட்டர் வாங்குகிறவர்கள் குடும்பத்தோடு வருவார்கள். பெட்டியைப் பிரிப்பதற்கு முன் தேங்காய் உடைத்து, மானிட்டர் நெற்றியில் மஞ்சள் குங்குமம் வைப்பார்கள். துணி உறை தைத்துப் போர்த்துவார்கள். அந்த அறைக்குள் செருப்புப் போடக்கூடாது. நம் ஊர்ப் பனிக்கு அந்த மரியாதை எல்லாம் தெரியாது. மழைக்காலத்தில் மானிட்டர் உள்ளே ஈரம் கோத்துக்கொண்டு, ஸ்விட்ச் போட்டால் கடுகு தாளிக்கிற சத்தம் கேட்கும். தலை உலர்த்துகிற டிரையரால் பத்து நிமிடம் சூடு காட்டிவிட்டுத்தான் போடவேண்டும். அந்த வித்தையைப் பாலிடெக்னிக்கில் சொல்லித்தரவில்லை, குன்னூர்தான் சொல்லித்தந்தது.

மாதா மாதம் கோயம்புத்தூர் டீலரிடமிருந்து விலைப் பட்டியல் ஃபாக்ஸில் வரும். மெஷினிலிருந்து தாள் நழுவி வரும்போதே ஜோசப் சார் முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஒவ்வொரு மாதமும் ஏதாவது ஒன்று இறங்கியிருக்கும். ஹார்ட் டிஸ்க் இறங்கியிருக்கும், இல்லையென்றால் மெமரி, இல்லையென்றால் மானிட்டர். "மேட்டுப்பாளையத்துல வண்டியில ஏத்தும்போது ஒரு விலை, குன்னூர்ல இறக்கும்போது ஒரு விலை. நடுவுல மலையேறினதுக்கு எனக்கு நஷ்டம்" என்பார். அலமாரியில் வைத்த சரக்கு வைத்த இடத்திலேயே தேய்ந்துகொண்டிருந்தது. இதில் நான் வேறு. விலை விசாரிக்க வருகிறவர்களிடம், "உடனே வேலை இருந்தா வாங்குங்க, இல்லன்னா பொறுங்க, இன்னும் குறையும்" என்று சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தேன். ஒருநாள் ஜோசப் சார் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டார். "ஏம்மா, நீ என் கடையில வேலை பாக்கிறியா, இல்ல எதிர்க்கடையிலயா?"

அப்படி ஒரு நாளில்தான் உன் அப்பா வந்தார். மேட்டுப்பாளையம் மண்டியில் கேரட்டை இறக்கிவிட்டுக் கேத்திக்குத் திரும்பும் வழி. ஸ்வெட்டர், குரங்குக் குல்லாய், கால் பூட்ஸில் காயாத செம்மண். வாசலிலேயே பூட்ஸைக் கழற்றிவிட்டு, குல்லாயைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே வந்தார். "ஏனுங்க, கம்ப்யூட்டர் என்ன வெலைங்க?" சொன்னேன். "வாங்கினா நல்லதுங்களா?" என்றார். எதற்கு என்று கேட்டேன். மண்டிக் கணக்குப் பார்க்க, கேரட் விலை தெரிந்துகொள்ள, அப்படி ஏதோ சொன்னார். அவசரமில்லை என்றால் அடுத்த மாதம் வாருங்கள், குறையும் என்றேன். அடுத்த மாதம் வந்தார். குறைந்திருந்தது. தாளை வாங்கி, விரல் வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தார்.

"எங்க கேரட்டு ஒரு நாள் ஏறும், ஒரு நாள் எறங்கும். போன வாரம் மூட்டையோட ரோட்டோரம் கொட்டிட்டு வந்தோம், இந்த வாரம் அடிச்சுப் புடிச்சு வாங்கறாங்க. உங்க சாமான் எறங்கிட்டேதான் இருக்குது. அதெப்படிங்க?"

எனக்குத் தெரிந்ததை எனக்குத் தெரிந்த மாதிரி சொன்னேன். "ஒரு இட்லித் தட்டுல பத்து இட்லி ஊத்துறோம்னு வைங்க. அதே தட்டுல, அதே மாவுல, சின்னச் சின்னதா இருபது ஊத்தினா ஒரு இட்லியோட விலை பாதிதானே? இவங்க வருஷா வருஷம் இட்லியச் சின்னதாக்கிட்டே போறாங்க."

"இட்லி சின்னதாப் போச்சுன்னா வயிறு நெறையாதுங்களே?"

"இந்த இட்லி சின்னதா ஆக ஆக நல்லா வயிறு நெறையும். அதுதான் இதுல விசேஷம்."

அவர் சிரித்தார். பிறகு ஒரு கேள்வி கேட்டார். "எறங்கிட்டேதான் இருக்கும்னா, அப்புறம் யாருங்க இதை வாங்குவாங்க?" ஜோசப் சார் உள்ளேயிருந்து, "அதைத்தான் தம்பி நானும் கேட்டுட்டு இருக்கேன்" என்று குரல் கொடுத்தார்.

அதற்குப் பிறகு மாதம் தவறாமல் வந்தார். விலை கேட்பார், அடுத்த மாதம் பார்க்கலாம் என்று போவார். சும்மா வர மாட்டார். ஒரு மாதம் கேரட், ஒரு மாதம் பீன்ஸ், ஒரு மாதம் கைக்கு அடங்காத காலிஃபிளவர். ஜோசப் சார் அவருக்கு 'விலை கேட்கிற மாப்பிள்ளை' என்று பெயர் வைத்தார். நான் முறைத்தேன். ஆனால் ஃபாக்ஸ் வருகிற வாரம் வந்தால் எனக்குத் தலை வாரிக்கொள்ள கூடுதலாக நேரம் பிடித்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கடைக்கே ஆகாத விலை இறக்கம் எனக்கு மட்டும் சந்தோஷமாக இருந்தது. இறங்கினால்தானே அவரிடம் சொல்ல ஏதாவது இருக்கும்?

இப்படியே ஒரு வருடத்துக்கு மேல் போயிற்று. அவர் ஒன்றும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. அப்புறம் ஒரே வாரத்தில் இரண்டு காரியம் நடந்தது. ஜோசப் சார், சீசன் முடிந்ததும் கடையை மூடப்போகிறேன் என்றார். உன் தாத்தா, கூடலூர்ப் பக்கம் எஸ்டேட் ஆபீசில் வேலை பார்க்கும் ஒரு வரன் வந்திருக்கிறது, நல்ல பிள்ளை என்றார். நல்ல பிள்ளைதான், குறை சொல்ல ஒன்றுமில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அந்த மாதம் உன் அப்பா வந்தபோது வெளியே நல்ல பனி. குல்லாயைக் கழற்றிக்கொண்டே, "இந்த மாசம் எவ்வளவு எறங்கிருச்சுங்க?" என்றார். ஃபாக்ஸ் தாள் என் கையில்தான் இருந்தது. அதில் எல்லாமே இறங்கியிருந்தது. நான் அதை மடித்துக்கொண்டு, "எறங்கல. ஏறிருச்சு" என்றேன்.

"ஏறிருச்சுங்களா?"

"இனிமே ஏறிட்டேதான் போகும். பொறுத்துட்டே இருந்தா கைக்கு எட்டாமப் போயிரும்."

இதைவிட ஒரு பெண் எப்படிச் சொல்லுவாள், நீயே சொல். அந்த மனிதர் என்னைப் பார்த்தார், அலமாரியைப் பார்த்தார், குல்லாயை மாட்டினார், போய்விட்டார். இருந்த ஒரு வரவையும் நானே கெடுத்துக்கொண்டேன் என்று அன்று முழுக்க என்னை நானே திட்டிக்கொண்டேன்.

இரண்டு நாள் கழித்து வந்தார். கையில் மஞ்சள் பை. பையில் பணம். "கேரட் வித்த காசுங்க. ஒரு செட் கட்டிக் குடுத்துருங்க." ஜோசப் சாருக்குத் தலைகால் புரியவில்லை. பல வாரமாக ஒரு விற்பனை இல்லாத கடை. டீ வரவழைத்தார், பன் வரவழைத்தார். எனக்கு அழுகை வந்தது. கம்ப்யூட்டரை வாங்கிவிட்டால் இந்த ஆள் இனி எதற்கு இந்தப் பக்கம் வரப்போகிறார்? ஆனால் பில் போட உட்கார்ந்தபோது பொய் விலை எழுதக் கை வரவில்லை. பட்டியலில் இருந்த விலையையே எழுதினேன். அவர் பில்லைப் பார்த்தார். பையில் மிஞ்சிய பணத்தைப் பார்த்தார். என்னை ஒரு பார்வை பார்த்தார். கேட்டது ஒன்றுதான். "ஊட்டுக்கு வந்து மாட்டித் தருவீங்களா?"

மறுநாள் ஜீப்பில் பெட்டிகளோடு கேத்திக்குப் போனேன். வீட்டில் எல்லோரும் முன் அறையில் கூடிவிட்டார்கள். பெரியப்பா மட்டும் கைகளைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றார். அவர்தான் வீட்டுக்குப் பெரியவர். "ஒரு மருந்தடிக்கிற மெஷின் வாங்கலாம்னா காசில்லைன்னான். இந்தப் பொட்டிக்கு மட்டும் காசு எங்கிருந்து வந்துதாமா?" என்று பொதுவில் கேட்டார். நான் தலையை நிமிர்த்தாமல் ஒயர்களை மாட்டினேன். ஸ்விட்ச் போட்டால் மானிட்டர் கறுப்பாகவே இருக்கிறது. டிரையரை எடுத்துச் சூடு காட்ட ஆரம்பித்தேன். பெட்டிக்குத் தலை உலர்த்துகிறாளே என்று வீட்டுக் குழந்தைகள் சிரித்தன. சத்தம் தாங்காமல் பெரியவர்கள் ஒவ்வொருவராக வெளியே போனார்கள். உன் அப்பா ஸ்டெபிலைசரைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றார்.

"வெலை ஏறலைன்னு பில்லைப் பாத்ததுமே தெரிஞ்சுதுங்க" என்றார்.

டிரையரை அணைக்காமலேயே கேட்டேன். "அப்ப அங்கயே வேண்டாம்னு சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருக்கலாம். அப்புறம் எதுக்கு அப்படிச் சொன்னீங்கன்னு எப்படிங்க கேக்கறது? முதலாளி டீயக் கையில குடுத்துட்டு நின்னாரு."

நான் டிரையரை மானிட்டரின் மறுபக்கம் திருப்பினேன். அவரே தொடர்ந்தார். "நீங்க ஏறிருச்சுன்னதும் எனக்குப் பயமாப் போச்சுங்க. காசுக்காக இல்ல. வாங்கிட்டா அடுத்த மாசம் என்ன சொல்லிட்டு வர்றதுன்னுதான்."

டிரையரை அணைத்தேன். கடை மூடப்போவதையும் கூடலூர் வரனையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். அவர் ஸ்டெபிலைசரை மெதுவாகக் கீழே வைத்தார். "உங்க ஊடு எங்கீங்க?" என்றார். அந்த நேரம் பார்த்து மானிட்டர் எரிந்தது. வெளியே போனவர்கள் எல்லாம் உள்ளே ஓடி வந்தார்கள்.

அந்த ஞாயிறே எங்கள் எஸ்டேட் லயத்து வரிசை வீட்டுக்கு வந்துவிட்டார். தாத்தா வாசலில் விறகு அடுக்கிக்கொண்டிருந்தார். "என்னா தம்பி, யாரைப் பார்க்க?" என்றார். "கேக்க வந்தேனுங்க" என்றார் உன் அப்பா. "என்னா கேக்க?" ஒரு வருடமாக ஒரே கேள்வியைக் கேட்டுப் பழகிய வாய். "வெலை..." என்று ஆரம்பித்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, "பொண்ணு கேக்க வந்தேனுங்க" என்றார். உள்ளே நின்ற எனக்குச் சிரிப்பும் பயமும் சேர்ந்து வந்தது. தாத்தா சிரிக்கவில்லை. அவரை உட்காரவைத்து, தேத்தண்ணி கொடுத்து, அனுப்பி வைத்தபின் என்னிடம் சொன்னார். "அவங்க காணி பூமி உள்ள ஆளுங்க புள்ள. நாம சிலோன்ல இருந்து கப்பல்ல வந்த ஆளுங்க. அவங்க வீட்டு வாசல்ல நீ நின்னு அழக்கூடாது. அவங்க வீட்டுப் பெரியவங்க வந்து கேக்கட்டும், கூடலூர்க்காரங்களுக்கு நான் வேற பதில் சொல்றேன்." அதற்கு மேல் அவரைக் குறை சொல்ல என்னால் முடியவில்லை.

பெரியவர் என்றால் பெரியப்பாதான். அவரோ, "நம்ம சனத்துல பொண்ணா இல்ல?" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். உன் அப்பா அவரோடு பேச்சை நிறுத்தினார். இருவரும் ஒரே காட்டில் கேரட் பிடுங்குவார்கள், ஒரே வண்டியில் மண்டிக்குப் போவார்கள், ஒரு வார்த்தை பேசமாட்டார்கள். என் வீட்டிலும் அந்தப் பேச்சு எடுப்பதில்லை. கடைக்குச் சீசன் முடிய இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. சிரித்துக்கொண்டு எழுதுகிறேனே தவிர, அந்த நாட்கள் நன்றாக இல்லை கண்ணு. ராசா மாதிரி ஒரு கம்ப்யூட்டர் கேத்தியில் உறை போட்டு உட்கார்ந்திருக்கிறது, நாங்கள் இரண்டு பேரும் ஆளுக்கொரு மலையில்.

ஆனால் அந்தக் கம்ப்யூட்டரில் சீட்டு அடுக்குகிற ஒரு விளையாட்டு இருந்தது. யார் காட்டிக்கொடுத்தார்களோ தெரியாது, பெரியப்பா அதைப் பிடித்துக்கொண்டார். காட்டிலிருந்து வந்ததும் கைகால் கழுவிவிட்டு உட்கார்ந்தால் சாப்பாட்டுக்குக் கூப்பிடும் வரை எழுந்திருக்க மாட்டாராம். இந்தப் பொட்டிக்கா இவ்வளவு காசு என்று கேட்ட அதே மனிதர். ஒரு காலையில் கம்ப்யூட்டர் ஊமையாகிவிட்டது. ஸ்விட்ச் போட்டால் பீப் பீப் என்று கத்துகிறது, திரையில் ஒன்றும் வரவில்லை. தம்பியிடம் கேட்கக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. என்ன செய்தார் தெரியுமா? பெட்டியை ஒரு கம்பளியில் சுற்றி, காய்ச்சல் கண்ட பிள்ளையைத் தூக்குவதுபோல மடியில் வைத்துக்கொண்டு, பஸ் ஏறிக் குன்னூருக்கு வந்துவிட்டார்.

கடை வாசலில் அவரைப் பார்த்ததும் நான் எழுந்து நின்றுவிட்டேன். "அம்மணி, இது கத்திட்டே இருக்குதும்மா. போயிருச்சுங்களா?" என்றார், பிணத்தைப் பற்றிக் கேட்பதுபோல. பெட்டியைத் திறந்தேன். மெமரித் தகடு பனியில் பாசி பிடித்ததுபோல மங்கியிருந்தது. அதைக் கழற்றி, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வைத்திருக்கும் அழிரப்பரால் அதன் மஞ்சள் பல்வரிசையை நன்றாகத் தேய்த்து, திரும்ப அழுத்தி மாட்டினேன். திரை வந்தது. அவருடைய சீட்டும் வந்தது. பெரியப்பா முகத்தை நீ அன்று பார்த்திருக்க வேண்டும். "எவ்வளவும்மா?" என்று சட்டைப் பைக்குள் கை விட்டார். ரப்பருக்கெல்லாம் காசு வாங்குவதில்லை என்றேன். அவர் போகவில்லை. கம்பளியை மடிப்பதும் பிரிப்பதுமாக நின்றார். ஜோசப் சார் உட்காரச் சொன்னார், உட்காரவில்லை. கடைசியில் கம்பளியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"ஊட்டுலயே ஒரு ஆள் இருந்தா, இப்படிப் பஸ்ஸுல தூக்கிட்டு அலைய வேண்டியதில்லீங்கம்மா."

எனக்கு ஒரு நிமிடம் விளங்கவில்லை. ஜோசப் சாருக்கு விளங்கிவிட்டது. டீ வாங்கி வர அவரே எழுந்து ஓடினார். அடுத்த வாரம் பெரியப்பா லயத்துக்கு வந்து, தாத்தாவின் விறகுக் கட்டின்மேல் உட்கார்ந்து, முறையாகப் பெண் கேட்டார். எங்கள் கல்யாணம் முடிந்த பின், "கடைச் சரக்கோட விலையும் எறங்கிருச்சு, கடையோட விலையும் எறங்கிருச்சு, நீயே எடுத்துக்கோம்மா, மெதுவாக் குடு" என்று ஜோசப் சார் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுக் கோத்தகிரியில் மகள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார். அவர் விலை இறங்கியதற்காகச் சந்தோஷப்பட்டு நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

நாங்கள் வாங்கிய கம்ப்யூட்டரின் விலை அதற்கப்புறமும் இறங்கிக்கொண்டேதான் இருந்தது. கல்யாணமான அடுத்த வருடமே அதே காசுக்கு அதைவிட வேகமானது வந்துவிட்டது. பெரியப்பா இன்றுவரை விடவில்லை, "கொஞ்சம் பொறுத்திருந்தா பாதிக் காசுல முடிஞ்சிருக்கும்டா" என்பார். உன் அப்பா, "முடிஞ்சிருக்கும், முடிஞ்சிருக்கும்" என்று தலையை ஆட்டிவிட்டு என்னைப் பார்ப்பார்.

இத்தனை வருடம் கவுண்டருக்கு இந்தப் பக்கம் நின்று நான் பார்த்ததைச் சொல்கிறேன். பொறுத்து வாங்கியவர்கள் முட்டாள்கள் இல்லை. மகள் காலேஜ் போகும்வரை பொறுத்து, நல்ல லேப்டாப்பாகக் குறைந்த விலைக்கு வாங்கிப்போன ஒரு பஸ் கண்டக்டரை எனக்குத் தெரியும். அவர் செய்தது சரி. அவருடைய மகளுக்கு அதற்கு முன் அது தேவைப்படவில்லை. உச்சி விலை கொடுத்து வாங்கி, வீட்டில் வைத்து ஊரார் கேள்வித்தாள், கல்யாணப் பத்திரிகை எல்லாம் டைப் செய்து, அந்த வருமானத்தில் தம்பியைப் படிக்கவைத்த ஒரு பெண்ணையும் தெரியும். அவள் செய்ததும் சரி. அவள் காத்திருந்தால் கம்ப்யூட்டர் மலிவாகக் கிடைத்திருக்கும், ஆனால் அதற்குள் வீட்டுக்கு வீடு கம்ப்யூட்டர் வந்து, டைப் செய்யக் கொடுக்க ஆள் இருந்திருக்காது. நான் பொறுங்கள் என்று சொல்வதற்கு முன் எப்போதும் ஒன்று கேட்பேன், எதற்கு வேண்டும் என்று. நீ அந்த முன்பாதியை விட்டுவிட்டுப் பின்பாதியை மட்டும் பிடித்துக்கொண்டாய்.

இப்போது அந்தப் பின்பாதியும் ஆட்டம் கண்டுவிட்டது. மெமரி செய்கிற பெரிய ஃபாக்டரிகள் எல்லாம், ஏஐ என்கிறார்களே, அந்தப் பேசுகிற கம்ப்யூட்டர்களை ஓட்டும் பெரிய பெரிய கட்டிடங்களுக்கே சரக்கை அனுப்புகின்றனவாம். நம்மைப் போன்ற கடைகளுக்கு வருவது மிச்சம் மீதிதான். அதனால் ஏறுகிறது. நாளைக்கு இறங்கலாம், எனக்குத் தெரியாது. சனிக்கிழமை வந்தவரிடம் அப்படித்தான் சொன்னேன். கோபித்துக்கொண்டார், பிறகு கம்ப்யூட்டரில் அவருக்கு என்ன வேலை என்று கேட்டேன், பார்த்தால் மெமரியே கூட்ட வேண்டியதில்லை, வேண்டாத குப்பையை எடுத்துவிட்டால் போதும். எடுத்துக்கொடுத்தேன். சிரித்துக்கொண்டே போனார். உனக்கு எதை எடுத்துக்கொடுக்க என்றுதான் எனக்குத் தெரியவில்லை.

உன்னிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. போன மாதம் உன் ஷாலினி ஊட்டிக்குத் தோழி கல்யாணத்துக்கு வந்தவள், இறங்கும் வழியில் கடைக்கு வந்தாள். அப்பா கொண்டுவந்து வைத்திருந்த கேரட்டைக் கழுவாமலேயே துடைத்துத் தின்றாள், எனக்குப் பிடித்துப்போயிற்று. போகும்போது சொன்னாள். "ஆன்ட்டி, அவர் வெயிட் பண்ணலாம்னா எனக்கு ஒண்ணும் கஷ்டமில்ல. ஆனா எதுக்குன்னு கேட்டா நெலவரம் நெலவரம்னே சொல்றார். என்கிட்ட வேற ஏதாவது பிடிக்கலையோன்னு ராத்திரியெல்லாம் யோசிக்கிறேன்." சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். கண் சிரிக்கவில்லை. உன்னை நம்பி நான்கு வருடமாக இருக்கிற பெண். நீ எண்ணிப் பார்க்கிற கணக்கில் அந்தக் கண் எங்கே வருகிறது என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டு வருடம் பொறுக்கவேண்டும் என்றால் பொறுத்துக்கொள்ளுங்கள், வேண்டாம் என்று சொல்ல நான் யார். ஆனால் உனக்குப் பயமாக இருக்கிறது என்றால் பயமாக இருக்கிறது என்று அவளிடம் சொல். அதைக் கேட்டு ஓடிப்போகிற பெண்ணாக எனக்குத் தெரியவில்லை.

நிலவரம் என்று நீ சொன்னதும் எனக்கு நீ பிறந்த வருடம்தான் ஞாபகம் வந்தது. கடையை எடுத்த புதிது. ஜோசப் சாருக்குக் கொடுக்க வேண்டியது அப்படியே இருந்தது, அந்த வருடம் கேரட்டுக்கும் விலையில்லை. கொஞ்சம் நிமிர்ந்தபிறகுதான் குழந்தை என்று நானும் உன் அப்பாவும் பேசி முடிவு செய்திருந்தோம், ரொம்பப் புத்திசாலிகள் போல. நீ யாரையும் கேட்கவில்லை. வந்துவிட்டாய். தொட்டில் வாங்கவில்லை, துணி தைக்கவில்லை, கடைக் கூரை ஒழுகிக்கொண்டிருந்தது. உன்னை வீட்டில் விட ஆளில்லாமல் கைக்குழந்தையிலேயே கடைக்குத் தூக்கி வந்தேன். மானிட்டர் வந்த அட்டைப்பெட்டியில் கம்பளியை நான்காக மடித்துப் போட்டு, ஒழுகாத மூலையாகப் பார்த்து, உன்னை அதில் படுக்கவைத்தேன். பெட்டிமேல் 'உடையும் பொருள், கவனமாகக் கையாளவும்' என்று அச்சடித்திருந்தது. வருகிறவர்கள் எல்லாம் விலை கேட்பதை மறந்துவிட்டு உன்னைக் குனிந்து பார்த்தார்கள். உன் அப்பா மண்டியிலிருந்து திரும்பி வந்து, பெட்டிக்குப் பக்கத்தில் மண்டி போட்டு உட்கார்ந்து, பூட்ஸைக் கழற்றக்கூட மறந்து, நீ கொட்டாவி விடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அது சரியான நேரமில்லை என்று யாராவது சொன்னால், கண்ணு, இன்றைக்கும் நான் சண்டைக்குப் போவேன்.

அன்புடன்,
அம்மா